இழப்பீடு வாங்கியபின் வேலை என்ன? காயமடைந்த தொழிலாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுவயல் அரிசி ஆலையில் பெல்ட்டில் கை சிக்கினாலும், கானாடுகாத்தானில் பழைய வீட்டைப் பிரிக்கும்போது சாரத்திலிருந்து ஆசாரி விழுந்தாலும், செட்டிநாட்டில் முதலில் எழும் கேள்விகள் இரண்டுதான்: ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது, மொத்தமாக எவ்வளவு கிடைக்கும். அடுத்த ஆண்டு இவர் என்ன வேலை செய்து பிழைப்பார் என்ற மூன்றாவது கேள்வி, வாங்கிய பணம் கடனுக்கும் வட்டிக்கும் போய்ச் சேர்ந்த பிறகே வீட்டாருக்கு நினைவு வருகிறது. அந்தக் கேள்விக்கான விடையோ விபத்து நடந்த முதல் சில வாரங்களில் எழுதப்படும் தாள்களில் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் பணத்தைப் பற்றி விரிவாகப் பேசும்; மறுபயிற்சியைப் பற்றி ஒரு சொல்லும் பேசாது. இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் பயிற்சிக்குச் சிறிது இடம் உண்டு. மற்ற உதவிகளெல்லாம் வேறு வேறு துறைகளில் சிதறிக் கிடக்கின்றன. ஆகவே இழப்பீட்டையும் மறுவேலையையும் ஒரே கணக்காகப் பார்க்க வேண்டியவர் காயமடைந்தவரும் அவருடைய குடும்பத்தாருமே.

இந்த இழப்பீட்டுச் சட்டத்துக்கும் இ.எஸ்.ஐ. சட்டத்துக்கும் பதிலாகச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020 என்பது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டுள்ளது. கணக்கிடும் முறையும் காய அட்டவணையும் அதிலும் பெரும்பாலும் பழையபடியே உள்ளன. கீழே வரும் பிரிவு எண்கள் பழைய சட்டங்களுடையவை. அந்தத் தேதிக்கு முந்தைய விபத்துகளுக்கு அவையே பொருந்தும்.

தவறுகளில் முதலாவது, எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் நாளைக் கடத்துவது. பத்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்குப் பொதுவாக இ.எஸ்.ஐ. பொருந்தும். காண்ட்ராக்டர் மூலம் வரும் லோடுமேன்களும் அந்தப் பத்துக் கணக்கில் சேர்த்தி. வேலையில் ஏற்பட்ட காயத்துக்கு இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை அங்கே இல்லை. சேர்ந்த முதல் நாளில் விபத்து நேர்ந்தாலும் உரிமை உண்டு. ஐந்தாறு பேரை வைத்து நடக்கும் ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை போன்ற இடங்களுக்கு இழப்பீட்டுச் சட்டமே வழி. இ.எஸ்.ஐ.க்குள் வருபவர் அதே காயத்துக்காக முதலாளியிடம் தனியாகச் சட்ட இழப்பீடு கோர இ.எஸ்.ஐ. சட்டத்தின் 53ஆம் பிரிவு இடம் தருவதில்லை. இரண்டிலும் மனுப் போட்டு வைத்தால் ஏதாவது ஒன்று பலிக்கும் என்று சிலர் சொல்லும் யோசனையால் இழப்பீட்டு மனுவுக்கான இரண்டாண்டுக் காலவரம்பு வீணாகக் கழிவதுதான் மிச்சம்.

பேசி முடித்துக்கொள்வது இரண்டாவது தவறு. நம் பக்கத்தில் இதுவே மிகப் பெரியதும் ஆகும். முதலாளியும் தொழிலாளியும் ஒரே ஊர்க்காரர்களாக இருப்பார்கள், அப்பா காலத்திலிருந்து அந்த வீட்டில் வேலை பார்த்த பழக்கமும் இருக்கும். ஊர்ப் பெரியவர் ஒருவர் நடுவில் உட்கார்ந்து ஒரு தொகையைச் சொல்வார். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். முதலாளி நல்லவராகவே இருக்கலாம், கொடுத்த தொகையும் மனமுவந்து கொடுத்ததாகவே இருக்கலாம். ஆனால் கட்டுப் பிரிக்காத கைக்கு விலை பேசும் அந்த நேரத்தில், விரல்கள் மடங்குமா மடங்காதா என்பது மருத்துவருக்கே தெரியாது. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்கிறது இழப்பீட்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. மொத்தத் தொகை பற்றிய உடன்பாடு, இந்த வழக்குகளை விசாரிக்கும் அதிகாரியான இழப்பீட்டு ஆணையரிடம் பதிவு செய்யப்பட வேண்டும். பதிவு செய்யாவிட்டால் முழு இழப்பீட்டுக்கும் முதலாளியே பொறுப்பு. ஆணையர் வேறு விதமாக உத்தரவிட்டாலொழிய, ஏற்கெனவே கொடுத்ததில் பாதிக்கு மேல் கழித்துக்கொள்ளவும் அவருக்கு உரிமை இல்லை. சித்தாள் வேலைக்குப் போகும் பெண்களுக்கு இன்னும் கூடுதலான காப்பு உண்டு: பெண்ணுக்கு உரிய மொத்தத் தொகையை ஆணையரிடம்தான் செலுத்த வேண்டும், கையில் கொடுத்தது இழப்பீடாகவே கணக்கில் வராது. ஆகவே வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டாகிவிட்டதே என்று நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. இரண்டாண்டுக்குள் மனுச் செய்தால் போதும். முதலாளியின் பக்கம் நின்று பார்த்தாலும், பதிவு செய்து கொடுப்பதே அவருக்கும் பாதுகாப்பு.

சம்பளச் சான்றும் வேலையின் தன்மையும் பதிவாகாமல் போவது அடுத்த தவறு. கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தால் இதன் எடை விளங்கும். நிரந்தர முழு இயலாமைக்கு மாதச் சம்பளத்தில் 60 விழுக்காட்டை வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். 40 வயதுக்கு அந்தக் காரணி 184.17. சம்பளம் எவ்வளவு இருந்தாலும், 2020 ஜனவரி முதல் 15,000 ரூபாய் வரைதான் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகிறது. கட்டைவிரலை இழந்தால் அட்டவணைப்படி 30 விழுக்காடு இழப்பு; முழுத் தொகையில் அந்த அளவே கிடைக்கும். 15,000 ரூபாய்க்குச் சான்று இருந்தால் 40 வயதுக்காரருக்கு 4,97,259 ரூபாய் வரும். 9,000 ரூபாய்க்கு மட்டுமே சான்று காட்ட முடிந்தால் அதே விரலுக்கு 2,98,355 ரூபாய்தான். சனிக்கிழமைதோறும் கையில் கூலி வாங்கும் ஆசாரிக்கும் கொத்தனாருக்கும் சம்பளச் சீட்டு ஏது? மேஸ்திரியின் கூலி நோட்டு, ஜிபே பதிவுகள், வங்கிக் கணக்கு, கூட வேலை பார்த்தவர்களின் வாக்குமூலம் ஆகியவற்றைத் திரட்டி வைக்க வேண்டும். அதையும் உடன் வேலை பார்த்தவர்கள் வேறு ஊர் வேலைக்குக் கிளம்புவதற்குள் செய்தாக வேண்டும்.

வேலையின் தன்மையும் அதே அளவுக்கு முக்கியம். மனுவில் "கூலி" என்று எழுதுவதற்கும் "மரச் சிற்ப வேலை செய்யும் ஆசாரி" என்று எழுதுவதற்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. திரையரங்கு ஒன்றில் அலங்கார மரவேலை செய்துகொண்டிருந்தபோது விழுந்து, முழங்கைக்கு மேலே இடக்கையை இழந்த தச்சர் ஒருவரின் வழக்கை 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கு என்று அது அறியப்படுகிறது. பாதிப்பு பகுதியளவே என்று முதலாளி தரப்பு வாதிட்டது. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது என்பதால் அது முழு இயலாமையே என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. உளி பிடிப்பது எந்தக் கை, சுத்தியல் பிடிப்பது எந்தக் கை என்பதுகூட மனுவில் இடம்பெறத் தக்க செய்திதான்.

விழுக்காடுகளைக் குழப்பிக்கொள்வதும் பரவலாக நடக்கிறது. சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்பது ஒரு விழுக்காடு, இழப்பீடும் இ.எஸ்.ஐ. நிரந்தர ஊனப் பயனும் அதைக் கொண்டு முடிவாகும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்காக அரசு மருத்துவர்கள் உடல் குறைபாட்டை அளந்து தருவது இன்னொரு விழுக்காடு. அது 40 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் பல அரசுத் திட்டங்கள் திறக்கும். ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைக்க முடியாது. இழப்பீட்டு வழக்கு முடிந்த பிறகு அட்டைக்கு விண்ணப்பிக்கலாம் என்று காத்திருப்பவர்கள், இடையில் ஓரிரு ஆண்டுப் பயிற்சி வாய்ப்பை இழக்கிறார்கள். இரண்டையும் ஒரே காலத்தில் நடத்துவதற்குத் தடை ஏதும் இல்லை.

இனி, மறுவேலையை நேராகப் பாதிக்கும் ஒரு சிறிய தாளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சிகிச்சை முடிந்ததும் மருத்துவர் "லைட் ஒர்க் செய்யலாம்" என்று ஒற்றை வரியில் எழுதித் தருவார். பட்டறையில் லைட் ஒர்க் என்று ஒரு வேலை கிடையாது. முதலாளி அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, நன்றாகக் குணமான பிறகு வா என்று அனுப்பிவிடுவார். ஆத்தங்குடி டைல்ஸ் செய்யும் முறையை எடுத்துக்கொள்வோம். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, அதன் கட்டங்களில் சாயம் கலந்த சிமெண்ட் குழம்பை ஊற்றி, அச்சை எடுத்த பின் உலர்ந்த சிமெண்ட் மணல் கலவையைத் தூவி, அதற்கு மேல் ஈரக் கலவையை நிரப்பி அழுத்தி, காயவிட்டு, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து, பிறகு வெயிலில் உலர்த்துகிறார்கள். இடுப்பு முறிந்து தேறியவரால் தொட்டிக்குள் குனிந்து கல்லைத் தூக்க முடியாது, கலவைச் சட்டியைச் சுமக்கவும் முடியாது. ஆனால் சாயத்தின் அளவு பார்த்துக் கலப்பதும், பூ வடிவத்தில் நிறம் பிசகாமல் ஊற்றுவதும் கையின் வேலைகள். தரையில் குந்தி உட்காராமல் மேசை உயரத்தில் பலகை போட்டுக் கொடுத்தால், பட்டறையிலேயே திறமை அதிகம் தேவைப்படும் அந்தப் பகுதியை அவர் தொடர்ந்து செய்யலாம். எத்தனை கிலோ வரை தூக்கலாம், எவ்வளவு நேரம் தொடர்ந்து நிற்கலாம், குனியலாமா, ஏணி ஏறலாமா, சிமெண்டும் தண்ணீரும் படலாமா என்று மருத்துவர் எழுதித் தந்தால்தான் இத்தகைய ஏற்பாட்டைப் பற்றிப் பேசத் தொடங்க முடியும். மருத்துவருக்கு ஆத்தங்குடிப் பட்டறையின் உள்ளே நடப்பது தெரியாது. வேலையைப் படிப்படியாகப் பிரித்து ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்க் கேட்பதே நல்லது.

வேலைக்குத் திரும்பினால் பணம் நின்றுவிடும் என்ற பயத்தால் வீட்டிலேயே முடங்கிவிடுவது ஒரு தவறு. பயந்து ஒளித்து வேலை செய்வது அதைவிடப் பெரிய தவறு. இ.எஸ்.ஐ. தரும் தற்காலிக ஊனப் பயன் சம்பளத்தில் 90 விழுக்காடு. கூலிக்கு வேலை செய்த நாள்களுக்கு அது கிடையாது. அந்த நாள்களில் மளிகைக் கடையில் கணக்கு எழுதப் போய்விட்டு இங்கேயும் பயனை வாங்கினால், பிற்பாடு பணத்தைத் திருப்பிக் கட்ட நேரும். நிரந்தர ஊனப் பயன் அப்படியன்று. மருத்துவ வாரியம் நிரந்தரமாக நிர்ணயித்த பிறகு, வேறு வேலையில் சம்பாதித்தாலும் ஆயுள் முழுவதும் அது வந்துகொண்டிருக்கும். எனவே பயிற்சிக்குப் போனால் அது போய்விடும் என்ற பேச்சில் உண்மை இல்லை. வாரியத்தின் விழுக்காடு குறைவாகப் பட்டால் மேல்முறையீடு செய்ய வழி இருக்கிறது.

பயிற்சியைத் தள்ளிப்போடுவதால் வரும் இழப்பு வயதில் தெரியும். வேலைக் காயத்தால் 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் ஊனமுற்ற, 45 வயதுக்கு மேற்படாதவர்களுக்கு இ.எஸ்.ஐ. தொழில்சார் மறுவாழ்வுப் பயிற்சிக்கு உதவுகிறது; பயிற்சிக் கட்டணம் அல்லது நாளொன்றுக்கு 123 ரூபாய், இவற்றில் எது கூடுதலோ அது பயிற்சி முடியும்வரை கிடைக்கும். தொகை சிறியதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் 43 வயதில் காயமுற்றவர் வழக்கு முடியட்டும் என்று காத்திருந்தால் அதுவும் கைநழுவும். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய வேலைவாய்ப்புச் சேவை மையம் சென்னை கிண்டியில் இயங்குகிறது. எந்தத் தொழில் பொருந்தும் என்று அங்கே மதிப்பிட்டுச் சொல்வார்கள். மாவட்ட அளவில் முன்னணி வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் குறுகிய காலப் பயிற்சி இலவசம். எதில் சேர்ந்தாலும், உதவித்தொகைக்காகக் கிடைத்த வகுப்பில் சேர்வதைத் தவிர்க்க வேண்டும். காலில் தகடு வைத்தவரைக் கால்மிதித் தையல் வகுப்பில் சேர்த்துவிடுவதும், இருபது ஆண்டு மரவேலை அறிவுள்ளவருக்குக் கம்ப்யூட்டர் தட்டச்சு கற்றுக்கொடுப்பதும் நடக்கின்றன. பர்மா தேக்கு எது, நாட்டுத் தேக்கு எது என்று தொட்டுப் பார்த்துச் சொல்பவர், பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் இடங்களில் மதிப்பீடு எழுதவும் வேலையை மேற்பார்வையிடவும் அளவும் வரைபடமும் பழகிக்கொண்டால், அவருடைய அனுபவத்துக்கே தனிச் சம்பளம் உண்டு.

அரசுப் போக்குவரத்துக் கழகம் போன்ற அரசு நிறுவனங்களில் வேலை பார்ப்போர், விபத்துக்குப் பின் விருப்ப ஓய்வுக் கடிதத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்திடக் கூடாது. பணிக்காலத்தில் ஊனமுற்றவரை நீக்கவோ பதவியிறக்கவோ கூடாது, அதே சம்பள விகிதத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும், அப்படி ஓர் இடம் இல்லையென்றால் கூடுதல் பணியிடம் உருவாக்கி வைத்திருக்க வேண்டும் என்பது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 20ஆம் பிரிவு. பஸ் ஓட்ட முடியாத டிரைவருக்கு டெப்போவில் வேறு பணி கேட்பதற்கான ஆதாரம் இதுதான். தனியார் நிறுவனங்களை இந்தப் பிரிவு கட்டுப்படுத்தாது.

சிங்கப்பூர், மலேசியாவில் காயமடைந்தவர்களுக்கு அந்தந்த நாட்டுச் சட்டமே பொருந்தும். ஊருக்கு வந்து மதுரையில் வழக்குப் போடலாம் என்று டிக்கெட் எடுத்துவிடக் கூடாது. சிங்கப்பூரின் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டப்படி விபத்திலிருந்து ஓராண்டுக்குள் கோர வேண்டும். மலேசியாவின் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோ 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களையும் வேலைக் காயத் திட்டத்துக்குள் சேர்த்திருக்கிறது. நிரந்தரப் பாதிப்பின் மதிப்பீடு முடியும்முன் ஊர் திரும்ப நேர்ந்தால், மருத்துவக் குறிப்புகளையும் கோரிக்கை எண்ணையும் கையோடு கொண்டுவர வேண்டும். இங்கே எடுக்கும் அடையாள அட்டைக்கும் பயிற்சிக்கும் அந்தக் குறிப்புகளே உதவும்.

கடைசியாக, சொந்தத் தொழில் தொடங்க நினைப்பவர்கள் செய்யும் ஒரு வரிசைப் பிழை. இழப்பீட்டுத் தொகை வந்தவுடன் மாவு மெஷினோ முறுக்குப் பிழியும் இயந்திரமோ வாங்கி ஓட்டத் தொடங்கிவிட்டு, பிறகு மானியக் கடனுக்கு மாவட்டத் தொழில் மையத்துக்குப் போகிறார்கள். பி.எம்.இ.ஜி.பி. எனும் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தின் மானியம் புதிதாகத் தொடங்கும் தொழிலுக்குத்தான். ஏற்கெனவே ஓடும் தொழிலுக்குக் கிடையாது. மாற்றுத்திறனாளி என்ற சிறப்புப் பிரிவில் சொந்தப் பங்கு 5 விழுக்காடு இருந்தால் போதும். கிராமப்புறத்தில் மானியம் 35 விழுக்காடு. எனவே அடையாள அட்டையை முதலில் வாங்கி, விண்ணப்பம் வங்கியில் ஒப்புதலான பிறகே இயந்திரத்துக்கு முன்பணம் கொடுக்க வேண்டும். அதுவரை இழப்பீட்டுத் தொகை வைப்பு நிதியில் இருக்கட்டும்.