கண்டிப்பா, கனிவா: கால்பந்துப் பயிற்சியாளரை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2022 டிசம்பர் 31. வோல்வர்ஹாம்ப்டனில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு ஆட்டம். நல்ல ஆட்டத்திறனில் இருந்த மார்கஸ் ராஷ்ஃபோர்டு முதல் பதினொருவரில் இல்லை. தூங்கிவிட்டு அணிக் கூட்டத்துக்குத் தாமதமாக வந்தார் என்பதற்காகப் பயிற்சியாளர் எரிக் டென் ஹாக் அவரை வெளியே உட்கார வைத்துவிட்டார். இடைவேளைக்குப் பிறகு களமிறங்கிய ராஷ்ஃபோர்டு 76ஆவது நிமிடத்தில் கோல் அடித்தார். ஆட்டத்தின் ஒரே கோல் அதுதான்.

கண்டிப்பு வெல்லும் என்று நம்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. அந்தப் பருவத்தில் யுனைடெட் லீக்கில் மூன்றாம் இடம் பிடித்தது, லீக் கோப்பையையும் வென்றது. ஆனால் கதையை அங்கேயே நிறுத்திவிடுவதுதான் நாம் செய்யும் முதல் தவறு. 2023 செப்டம்பரில் அணியின் இன்னொரு வீரர் ஜேடன் சாஞ்சோவின் பயிற்சி போதவில்லை என்று டென் ஹாக் வெளிப்படையாகச் சொன்னார். சாஞ்சோ அதைப் பகிரங்கமாக மறுத்தார். முதல் அணியிலிருந்தே அவர் ஒதுக்கிவைக்கப்பட்டார். அதே மனிதர், அதே கண்டிப்பு. இம்முறை லீக்கில் எட்டாம் இடம். எஃப்.ஏ. கோப்பை கைக்கு வந்தது உண்மைதான். ஆனாலும் 2024 அக்டோபரில் டென் ஹாக் வேலை இழந்தார். கண்டிப்புதான் வெற்றிக்குக் காரணம் என்றால், இரண்டாம் ஆண்டில் அது எங்கே போனது?

ஜெர்மன் பயிற்சியாளர் ஃபெலிக்ஸ் மகாத்தின் கதை இன்னும் கூர்மையானது. கனமான மெடிசின் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடவைப்பவர் என்று ஜெர்மனி முழுக்கப் பெயர் எடுத்தவர். 2009இல் வோல்ஃப்ஸ்பர்க் அணிக்கு அதன் முதல் பண்டஸ்லிகா (ஜெர்மனியின் முதல்நிலை லீக்) பட்டத்தை வாங்கிக் கொடுத்தார். 2014இல் லண்டனின் ஃபுல்ஹாம் அணிக்கு வந்தார். அணி இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கான பிரீமியர் லீக்கிலிருந்து கீழிறங்கியது. அடுத்த பருவத்தின் முதல் ஏழு லீக் ஆட்டங்களில் ஒரே ஒரு புள்ளிதான் கிடைத்தது. செப்டம்பரில் அனுப்பப்பட்டார். ‘கண்டிப்பானவர்கள் வெல்கிறார்கள்’ என்று சொல்கிறவர்கள் வோல்ஃப்ஸ்பர்க்கை எண்ணுகிறார்கள், ஃபுல்ஹாமை எண்ணுவதில்லை. வென்றவர்களை மட்டும் வரிசையில் நிறுத்தி அவர்களுடைய குணத்தைப் பட்டியலிட்டால் எந்தக் குணத்தையும் வெற்றியின் ரகசியமாகக் காட்டிவிடலாம்.

எதிர்ப்பக்கத்திலும் இதே கோளாறு உண்டு. கார்லோ ஆஞ்செலோட்டி குரலை உயர்த்தாதவர், வீரர்களோடு தோழமையாகப் பழகுபவர். பயிற்சியாளராக ஐந்து முறை ஐரோப்பிய கிளப்புகளின் உச்சப் போட்டியான சாம்பியன்ஸ் லீக் வென்றிருக்கிறார்: மிலனுடன் 2003, 2007, ரியல் மாட்ரிட்டுடன் 2014, 2022, 2024. கடைசி இறுதி ஆட்டத்தில் அவரிடம் தோற்ற டார்ட்மண்ட் அணியில், மான்செஸ்டரில் ஒதுக்கப்பட்ட அதே சாஞ்சோ ஆடினார்! ஆக, கனிவே வழி என்று முடிவுகட்டலாமா? பொறுங்கள். இதே ஆஞ்செலோட்டியை 2017 செப்டம்பரில், பாரிஸில் 3-0 எனத் தோற்ற மறுநாளே பேயர்ன் மியூனிக் நீக்கியது. முந்தைய பருவத்தில் லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தவர்தான். அடுத்து வந்த 72 வயது யுப் ஹைன்கெஸ், ஐந்து புள்ளிகள் பின்தங்கியிருந்த அணியை 21 புள்ளிகள் முன்னிலையில் பட்டம் வெல்ல வைத்தார்.

பயிற்சியாளர் மாறியதும் அணி எழுந்துகொள்வதைப் பார்த்து, புதியவரின் குணத்துக்கே முழு மதிப்பெண்ணையும் போடுவது பரவலான தவறு. அணி அதன் தரத்துக்குக் கீழே விழுந்து கிடக்கும்போதுதான் நிர்வாகம் ஆளை மாற்றுகிறது. விழுந்தது தன் நிலைக்குத் திரும்புவதில் ஒரு பகுதி, யார் வந்திருந்தாலும் நடந்திருக்கும். இன்னொரு பகுதி, முன்னவர் விட்டுப்போன குறையைப் பின்னவர் நிரப்புவது. 2014இல் மாட்ரிட்டில் ஆஞ்செலோட்டியின் கனிவு பலித்ததற்கு, அதற்கு முன் மூன்றாண்டுகள் ஜோசே மொரின்யோ அங்கே வீரர்களோடு மோதிக் களைத்திருந்ததும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன். இறுகிக் கிடந்த இடத்தில் நெகிழ்வு மருந்தாகும். தளர்ந்த இடத்தில் அதுவே நோயாகும்.

முகத்தை வைத்துக் குணத்தைக் கணிப்பதையும் விட்டுவிட வேண்டும். லிவர்பூல் பயிற்சியாளராக இருந்த யூர்கன் க்ளாப்பின் சிரிப்பையும் கட்டிப்பிடிப்பையும் பார்த்து அவரை இளகிய மனிதர் என்று எழுதுகிறார்கள். 2016இல் லிவர்பூல் அமெரிக்கப் பயணம் போனபோது, விமானத்துக்கும் சாப்பாட்டுக்கும் தாமதமாக வந்த வீரர் மமடூ சாகோவைப் பாதியிலேயே ஊருக்குத் திருப்பி அனுப்பியவர் அவர். இன்னொரு பக்கம், மான்செஸ்டர் யுனைடெட்டின் முன்னாள் பயிற்சியாளர் அலெக்ஸ் ஃபெர்குசன். 2003இல் உடைமாற்றும் அறையில் அவர் எத்திய காலணி டேவிட் பெக்காமின் புருவத்தைக் கிழித்தது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. ரசிகரை உதைத்து நீண்ட தடை வாங்கிய அவருடைய வீரர் எரிக் கான்டோனா, 1995இல் இங்கிலாந்தே வேண்டாம் என்று கிளம்பியபோது, பாரிஸ் வரை தேடிப்போய்ப் பேசி அழைத்துவந்தவரும் அதே ஃபெர்குசன்தான். யாரிடம் எதைச் செய்ய வேண்டும் என்ற கணக்கு அவரிடம் இருந்தது. அந்தக் கணக்கும் சில சமயம் பிசகியது: அவசரப்பட்டுத் தடுப்பாட்டக்காரர் யாப் ஸ்டாமை விற்றது தவறு என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: 1986இல் யுனைடெட்டுக்கு வந்தவருக்கு அங்கே முதல் கோப்பை கிடைத்தது 1990இல்தான். அதுவரை நிர்வாகம் அவர் பின்னால் நின்றது. பின்னால் நிற்க ஆளில்லாத பயிற்சியாளரின் கண்டிப்பை வீரர்கள் சில வாரங்களில் முகர்ந்துவிடுவார்கள்.

இவ்வளவையும் எழுதக் காரணம் ஐரோப்பா அல்ல. ஞாயிறு காலைகளில் சிறுவர்களுக்குப் பந்து பழக்குகிறவர்கள் ஃபெர்குசனின் கணக்கை விட்டுவிட்டு அவருடைய கத்தலை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். இதுதான் எல்லாத் தவறுகளிலும் எனக்குப் பொறுக்க முடியாதது. கோடிகளில் சம்பளம் வாங்கும் வீரர், திட்டு வாங்கினால் வேறு கிளப்புக்குப் போய்விடலாம். பதினோரு வயதுப் பையன் எங்கே போவான்?

நான் உதவிக்குப் போகும் மைதானத்தில் இடது விங்கில் ஒரு பையன் ஆடினான். பந்தைக் காலோடு ஒட்டவைத்துக்கொண்டு எதிராளியைத் தாண்டிப் போவான். ஓர் ஆட்டத்தில் அப்படித் தாண்டும்போது பந்தை இழந்தான். எதிரணி கோல் அடித்துவிட்டது. இடைவேளையில் எல்லோர் முன்னாலும் அவனுக்குக் கிடைத்த வசவை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். இரண்டாம் பாதியில் அவனிடம் ஐந்தாறு முறை பந்து வந்தது. ஒவ்வொரு முறையும் முதலில் எங்கள் பெஞ்சைப் பார்த்தான், பிறகு பந்தைப் பின்னால் தள்ளிவிட்டான். தவறே செய்யவில்லை. ஆட்டத்தை 1-0 எனத் தோற்றோம்.

இப்போது அங்கே இரண்டே விதிகள்தான்: சொன்ன நேரத்துக்கு வர வேண்டும், பந்தை இழந்தால் நிற்காமல் துரத்த வேண்டும். இவற்றில் யாருக்கும் சலுகை கிடையாது, நன்றாக ஆடுகிறவனுக்கும் கிடையாது. தாண்டிப் போக முயன்று பந்தை இழந்தால் யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. அந்தப் பையன் பெஞ்சைப் பார்க்காமல் பந்தை வாங்க ஏறக்குறைய இரண்டு மாதம் ஆனது.