ஒன்றாம் எண் போட்ட புத்தகத்தில் தொடங்காதீர்கள்

ஏதாவது பெரிய படம் வந்தால் போதும், பழைய அறிவியல் புனைகதைகளைத் தேடி ஆட்கள் வந்துவிடுவார்கள். என்ன படிக்கலாம் என்று கேட்டுக்கொண்டு போய், நாங்களெல்லாம் ஒரு காலத்தில் விழுந்த அதே பள்ளங்களில் வரிசையாக விழுவார்கள். தடிமனைக் கண்டு மிரள்வது, அறிவியல் பழசாகிவிட்டதே என்று உதட்டைப் பிதுக்குவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். நாலு அத்தியாயம் தாண்டினால் அவை தாமாகவே சரியாகிவிடும்.

கதை நடக்கும் காலப்படி படிப்பது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. ஐசக் அசிமோவின் ஃபவுண்டேஷன் 1942 முதல் அஸ்டவுண்டிங் என்ற அமெரிக்க அறிவியல் புனைகதை இதழில் தனிக்கதைகளாக வந்தது. 1951, 1952, 1953 ஆண்டுகளில் மூன்று புத்தகங்களானது. அதோடு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அதைத் தொடாமல் இருந்தவர், பதிப்பகம் விடாமல் கேட்டதால் 1982-ல் நான்காவதையும் 1986-ல் ஐந்தாவதையும் எழுதினார். பிறகு முன்கதைக்குப் போனார். 1988-ல் ‘ப்ரிலூட் டு ஃபவுண்டேஷன்’ வந்தது. 1992-ல் அவர் இறந்தபின் ‘ஃபார்வர்ட் த ஃபவுண்டேஷன்’ வெளியானது. கதைக்காலப்படி அடுக்கினால், கடைசியாக எழுதிய இந்த இரண்டும்தான் முதலில் வந்து நிற்கும்.

எங்கள் வாசகர் வட்டத்துக்கு வரும் கல்லூரித் தம்பி ஒருவர் ஏழு புத்தகங்களையும் மொத்தமாக வாங்கி ‘ப்ரிலூட்’டில் தொடங்கினார். கொஞ்ச நாள் கழித்து, “அண்ணே, ஆஹா ஓஹோன்னாங்க. ஹாரி செல்டன் ஊர் ஊரா ஓடிக்கிட்டே இருக்காரு, அவ்ளோதானா?” என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. எதிர்காலத்தைக் கணக்குப் போட்டுச் சொல்லும் கணித மேதையான செல்டன் அதில் ஓடத்தான் செய்கிறார். ஆனால் 1951 புத்தகத்தில் நாம் சந்திக்கும் செல்டன் சாவை எதிர்நோக்கியிருக்கும் கிழவர். சில பக்கங்களில் போய்விடுவார். ஐம்பது ஆண்டு கழித்து ஒரு பெட்டகம் திறக்கும். பதிவு செய்து வைத்த உருவமாக வந்து, இந்நேரம் உங்களுக்கு வந்திருக்கும் நெருக்கடி இதுதான் என்பார். இந்த ஆள் யார், எவ்வளவு தெரிந்தவர் என்று நமக்கும் தெரியாது, அங்கே நிற்பவர்களுக்கும் தெரியாது. காட்சியின் பலமே அதுதான். அவர் காதலித்ததையும் பயந்ததையும் ஒரு முழு நாவல் பார்த்துவிட்டு வந்தால், தெரிந்த மாமா வீடியோ காலில் பேசுகிற மாதிரி இருக்கும்.

இதைவிடப் பெரிய சேதம் ஒன்று உண்டு. ‘ப்ரிலூட்’ முடியும்போது ஒருவர் உண்மையில் யார் என்பது உடைகிறது. அது தெரிந்துவிட்டால் ஐந்தாவது புத்தகத்தின் முடிவு செத்தது. யாரென்று இங்கே சொல்லப் போவதில்லை.

இத்தனைக்கும் அந்தக் கதைக்கால வரிசையைக் கொடுத்தவர் அசிமோவேதான். ‘ப்ரிலூட்’டின் முன்குறிப்பில் தன் மற்ற தொடர்களான ரோபோ கதைகளையும் பேரரசு நாவல்களையும் சேர்த்துக் கதைக்காலப்படி அடுக்கிவைத்து, இப்படித்தான் படிக்க வேண்டுமோ என்னவோ என்று இழுத்திருக்கிறார். எழுதியவரே சொன்னாலும் கேட்காதீர்கள். உள்ளே அச்சிட்டிருக்கும் முதல் பதிப்பு ஆண்டைப் பார்த்து எடுங்கள். பழைய மூன்றோடு நிறுத்திக்கொண்டாலும் நஷ்டமில்லை. தம்பி ஏழையும் பழைய புத்தகக் கடையில் போட்டுவிட்டார். என்னிடம் சொல்லியிருந்தால் நானாவது வாங்கியிருப்பேன்.

படம் பார்த்த கையோடு அடுத்த பாகத்துக்குத் தாவுவது

ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் ‘டியூன்’ 1965-ல் வந்தது. அடுத்த நாவல் ‘டியூன் மெசையா’ 1969-ல். டெனி வில்நேவ் எடுத்த இரண்டு படங்களும் முதல் நாவல்தானே, இனி இரண்டாவதை எடுத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். 2024 படம் முடியும்போது நாயகன் பாலின் காதலி சானி கோபித்துக்கொண்டு போகிறாள், அவன் தங்கை ஆலியா இன்னும் பிறக்கவே இல்லை. நாவலில் ஆலியா பிறந்து, பேசி, வில்லனான பாரனைக் கொன்றும் விடுகிறாள். சானி எங்கேயும் போகவில்லை. ‘மெசையா’ தொடங்குவது அந்த நாவலின் முடிவிலிருந்து.

அட்டையில் இரண்டாவது பெயரைக் கவனிக்காதது

ஆர்தர் சி. கிளார்க் ‘ராந்தேவூ வித் ராமா’வை 1973-ல் தனியாக எழுதினார். 1989 முதல் வந்த மூன்று தொடர்ச்சிகளும் ஜென்ட்ரி லீயோடு சேர்ந்து. ருசி வேறு.

படத்தைப் பார்த்துவிட்டு, ‘புத்தகத்தில் அப்படி இல்லையே!’ என்பது

இல்லைதான்.

‘2001’ நாவலைப் படமாக்கினார்கள் என்று நம்புவது

ஸ்டான்லி குப்ரிக்கின் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ படமும் அதே பெயரில் கிளார்க் எழுதிய நாவலும் ஒரே சமயத்தில் வளர்ந்தவை. 1968-ல் படம் முதலில் வந்தது, சில மாதங்களில் நாவல். நாவலில் விண்கலம் சனிக்குப் போகிறது. படத்திலோ வியாழனோடு நின்றுவிடுகிறது, ஏனென்றால் சனியின் வளையங்களை நம்பும்படி திரையில் கொண்டுவர முடியவில்லை. 1982-ல் ‘2010’ எழுத உட்கார்ந்த கிளார்க், தன் நாவலை விட்டுவிட்டுப் படத்தின் வியாழனையே பிடித்துக்கொண்டார். ஆகவே படம் பார்த்துவிட்டு ‘2010’ நாவலுக்குப் போனால் குழப்பமில்லை. முதல் நாவலை எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம்.

‘2010’-ஐ விட்டுவிடாதீர்கள். ‘2001’-ல் விண்கலத்தை இயக்கும் ஹால் கணினியை உருவாக்கிய டாக்டர் சந்திராவின் முழுப்பெயர் அதில் சிவசுப்பிரமணியன் சந்திரசேகரம்பிள்ளை. கொழும்பில் குடியிருந்த கிளார்க்குக்கு இந்தப் பெயர் எங்கே கிடைத்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 1984-ல் படமானபோது அந்தப் பிள்ளைவாளாக நடித்தவர் பாப் பாலபன் என்ற அமெரிக்கர்.