தடைக்காலக் கருவாட்டுக் குழம்பைப் பிள்ளைகளுக்குப் பழக்குவது எப்படி

பிள்ளை வேலைக்கோ படிப்புக்கோ வெளியூர் கிளம்புகிற வாரத்தில்தான் நிறைய வீடுகளில் சமையல் பாடம் ஆரம்பிக்கிறது, அது ரொம்பத் தாமதம். எங்கள் வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். மகள் கல்யாணமாகி பெங்களூரில் இருக்கிறாள். போன வருஷம் ஏப்ரல் மாதக் கடைசியில் கருவாட்டுக் குழம்பு வைத்து போட்டோ அனுப்பினாள், அங்கே கடையில் மீன் கிடைக்காமல் இல்லை. "மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பிச்சிடுச்சே, அதான்மா" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அது எப்படி அவளிடம் ஒட்டியது என்று யோசித்து, நாங்கள் செய்ததைச் சொல்கிறேன்.

முதலில், நாற்பது சமையல் சொல்லித்தர வேண்டாம். நாலே நாலு போதும், ஆனால் ஒவ்வொன்றையும் வருஷத்தில் ஒரு நாளோடு கட்டிவிடுங்கள். எங்களுக்குத் தை 5 என்றால் ஆற்றுத் திருவிழா. பெண்ணையாற்றங்கரைக்கு சாமிகள் தீர்த்தவாரிக்கு வரும், கரையில் சுருளிக்கிழங்கு குவித்து விற்பார்கள். அதை வாங்கி வந்து மண் போகக் கழுவி, உப்புப் போட்டு அவித்து, சூடு ஆறுவதற்குள் தோலுரித்துத் தின்றால்தான் அந்த நாள் முடிந்த மாதிரி. மண் கழுவுவது என் மகனுக்கு ஐந்து வயதிலிருந்தே அவன் வேலை. வேறு யாரும் தொட்டால் சண்டைக்கு வருவான்!

இதுதான் இரண்டாவது விஷயம். பிள்ளையைப் பக்கத்தில் நிற்கவைத்துப் பாடம் எடுக்காதீர்கள், ஒரு வேலையை அவர்களுக்கே சொந்தமாகக் கொடுத்துவிடுங்கள். கொஞ்சம் சிந்தும், கொஞ்சம் வீணாகும், சரி, ஆகட்டும்.

கருவாட்டுக் குழம்பைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, மீன் குஞ்சு பொரித்துப் பெருகுவதற்காக விடுகிற காலம் அது, மீன் விலையும் ஏறிவிடும். அதே நேரம் பண்ருட்டிப் பலாப்பழம் தெருத்தெருவாக வரும். சுளையைத் தின்றுவிட்டுக் கொட்டையைத் தூக்கிப் போடாமல் ஒரு நாள் வெயிலில் காயவைத்து, அம்மிக்கல்லால் லேசாகத் தட்டி வெள்ளைத் தோலை உரிக்க வேண்டும், இது ஆறு ஏழு வயதுப் பிள்ளை தாராளமாகச் செய்யும். கருவாட்டை வெந்நீரில் போட்டு இரண்டு மூன்று தண்ணீர் அலசுவது பத்து வயதுக்கு மேல். நல்லெண்ணெயில் வெந்தயம் தாளித்து, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி வதக்கி, குழம்புத்தூளும் புளிக்கரைசலும் ஊற்றி, முன்னமே வேகவைத்த பலாக்கொட்டையும் முருங்கைக்காயும் போடுங்கள். மாங்காயும் கருவாடும் கடைசிப் பத்து நிமிஷம்தான். உப்பை மட்டும் கருவாடு வெந்தபிறகு ருசி பார்த்துத்தான் போட வேண்டும், இதை என் பிள்ளைகளிடம் வருஷா வருஷம் சொல்லியிருக்கிறேன்.

அளவு ஒரு பெரிய தொல்லை. எங்கள் ஆயா "எலுமிச்சை அளவு புளி" என்பார்கள், எந்த எலுமிச்சை? ஒருநாள் நான் எடுக்கிற புளியை மகளையே தராசில் நிறுக்கச் சொன்னேன், 30 கிராம் வந்தது. நோட்டில் அவளே எழுதிக்கொண்டாள். நீங்களும் கைப்பிடி, சிட்டிகை எல்லாவற்றையும் ஒரு தடவை நிறுத்து எழுதவையுங்கள். ஆயா இருக்கும்போதே நான் இதைச் செய்யாமல் விட்டது எனக்கு இன்றைக்கும் வருத்தம், அவர்களுடைய சுறாப்புட்டு அளவு அவர்களோடு போய்விட்டது.

பிடிக்கவில்லை என்று ஒதுக்கினால் திணிக்காதீர்கள், திட்டவும் வேண்டாம். ஒரு புது ருசி குழந்தைக்குப் பழகப் பத்துப் பதினைந்து தடவைகூட ஆகலாம். தட்டில் ஒரு துண்டு வையுங்கள், நீங்கள் ஆசையாகச் சாப்பிடுங்கள், போதும். தாய் சாப்பிட்ட பூண்டின் வாசம் தாய்ப்பாலிலேயே இறங்கும் என்பதால் பழக்கம் நாம் நினைப்பதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிடுகிறது.

அப்புறம், அவர்கள் வீட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள விடுங்கள். எங்கள் மாப்பிள்ளை சைவம். மகள் என்ன செய்கிறாள் என்றால், பலாக்கொட்டையும் முருங்கையும் மாங்காயும் வெந்ததும் பாதிக் குழம்பை வேறு சட்டியில் எடுத்து உப்புப் போட்டு இறக்கிவிட்டு, மீதியில் மட்டும் கருவாடு போடுகிறாள். எனக்கு இது தோன்றியதே இல்லை. மாப்பிள்ளை அந்தப் பலாக்கொட்டைக் குழம்பைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாராம்.

வெளியூருக்குக் கொடுத்தனுப்புவதாக இருந்தால் கொட்டையை நன்றாகக் காயவைத்துத் துணிப்பையில் போடுங்கள், பிளாஸ்டிக் பையில் வேர்த்துப் பூஞ்சணம் பிடித்துவிடும். கருவாட்டை மறுபடி ஒரு வெயில் காட்டி, பேப்பரில் சுற்றி, இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில் வைத்தால் பஸ்ஸில் பக்கத்து சீட்காரருக்கு வாசம் போகாது.