ஆதார் நகலில் மடித்த போண்டா

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பதினொரு வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் பக்கத்து டீக்கடையில் போண்டா வாங்கினேன். எண்ணெய் ஊறிய காகிதத்தைப் பிரித்தால், ஒரு பெண்ணின் ஆதார் நகல். முகம் கறுத்துப்போயிருந்தது, ஓரத்தில் பேனாவால் எழுதிய செல் நம்பர் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. என் கடையில் எடுத்த நகலாகவே இருக்கலாம். அன்றிலிருந்து சரியாக விழாத நகலைக் கிழித்துத்தான் போடுகிறேன். நீங்களும் மெஷினில் வீணான தாளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கூரியர் கவரில் ஒட்டியிருக்கும் சீட்டையும் உரித்துவிட்டுக் குப்பையில் போடுங்கள்.

அப்புறம், ஒரே நம்பரை எல்லாவற்றுக்கும் கொடுக்காதீர்கள். வங்கிக்கும் ஆதாருக்கும் தனியாக ஒரு சிம் வாங்கி, பட்டன் போனில் போட்டு வீட்டிலேயே வையுங்கள். துணிக்கடை, கூரியர், மண்டபம் எல்லாம் இன்னொன்றில். வீட்டு சிம்முக்கு ரீசார்ஜை மட்டும் விட்டுவிடாதீர்கள். விட்டால் இணைப்பு போய், பிறகு அதே நம்பர் வேறொருவருக்குக் கிடைக்கும். உங்கள் ஓடிபி அவர் கைக்குப் போகும்.

பாண்டிக்குத் துணி எடுக்கப் போனால் பில் போடும் இடத்தில் நம்பர் கேட்பார்கள். "நம்பர் இல்லாம போடுங்க தம்பி" என்று சொல்லலாம். நம்பர் தந்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்தக் கூடாதென்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே கடைகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. குலுக்கல் சீட்டை எழுதவே வேண்டாம்.

அதே வருடம் ஓல்டு டவுனில் இருக்கும் சித்திக்கு ஒரு அழைப்பு. "பார்சல் நிக்குதும்மா, *401* போட்டு நான் சொல்ற நம்பரை அழுத்துங்க" என்றிருக்கிறான். சித்தி அழுத்திவிட்டார். அது கால் ஃபார்வர்டிங். சித்திக்கு வரும் அழைப்பெல்லாம் அவனுக்குப் போனது. வாட்ஸ்அப் ஓடிபியைக் குரல் அழைப்பில் கேட்டு வாங்கி உள்ளே நுழைந்துவிட்டான். அரை மணி நேரத்தில் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் சித்தி பெயரில் "அவசரம், ஐயாயிரம் அனுப்பு" என்று செய்தி. மாமா அனுப்பிவிட்டார். நான் போய் ##002# அழுத்தித்தான் ஃபார்வர்டிங்கை எடுத்தேன்.

வாட்ஸ்அப் செட்டிங்ஸில் அக்கவுண்ட், அதற்குள் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன். அங்கே 6 இலக்க பின் போட்டிருந்தால் ஓடிபி கிடைத்தும் அவனால் நுழைந்திருக்க முடியாது. இதை இன்றைக்கே போடுங்கள், வீட்டுப் பெரியவர்கள் போனிலும் போட்டுக்கொடுங்கள். பிறந்த தேதி வேண்டாம்.

சிம்முக்கும் பின் லாக் உண்டு. ஆனால் மூன்று முறை தவறாக அடித்தால் சிம் பூட்டிக்கொண்டு, அதைத் திறக்கும் பியுகே என்ற எண்ணைக் கேட்கும். சிம்மில் ஏற்கெனவே இருக்கும் பின் என்னவென்று சிம் கடையில் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் நம்பரும் ஓடிபியும் கொடுத்துப் பார்க்கலாம். தெரியாத நம்பர் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம். சிக்னல் திடீரென்று போய் வராமலே இருந்தால், யாராவது உங்கள் நம்பருக்கு வேறு சிம் வாங்கியிருக்கலாம்; வேறு போனிலிருந்து சிம் நிறுவனத்தையும் வங்கியையும் உடனே கூப்பிடுங்கள்.

பணம் போய்விட்டால் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள். கடலூரானாலும் புதுச்சேரியானாலும் அதே எண்தான். உடனே சொன்னால், அவன் எடுப்பதற்குள் கணக்கை முடக்க வாய்ப்பு இருக்கிறது. மாமா மறுநாள் காலையில்தான் அழைத்தார். அந்த ஐயாயிரம் திரும்பி வரவில்லை.