கல்யாணத்தைக் காட்டி மாறுதல் கேட்பவர்கள் சறுக்கும் இடங்கள்

பெண் கூடலூரில் அரசுப் பள்ளி ஆசிரியை. மாப்பிள்ளைக்கு சுல்தான் பத்தேரியில் கேரள அரசு வேலை. பஸ்ஸில் போய்வருகிற தூரம்தானே, கல்யாணம் முடிந்ததும் பெண் அந்தப் பக்கம் மாறுதல் வாங்கிக்கொள்ளட்டும் என்று இரு வீட்டாரும் தட்டு மாற்றிவிடுகிறார்கள். அப்படி ஒரு மாறுதலே கிடையாது என்பது மனு எழுத உட்காரும்போதுதான் தெரிகிறது. ஆசிரியையின் முதலாளி தமிழ்நாடு அரசு. சென்னையில் உத்தரவு போட்டுத் திருவனந்தபுரத்தின் பணிக்கு ஆள் அனுப்ப முடியாது.

மாறுதல் மனுக்கள் வருகிற மேசையில் பல வருடம் உட்கார்ந்தவன் என்பதால் சொல்கிறேன். கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், எந்த எல்லையைத் தாண்டுகிறீர்கள் என்று பாருங்கள். ஊட்டியிலிருந்து கூடலூர் சுமார் 50 கி.மீ. ஆனாலும் ஒரே மாவட்டம். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கி.மீ.தான், ஆனால் அது கோயம்புத்தூர் மாவட்டம். வருவாய்த் துறை போல மாவட்டத்தையே அலகாக வைத்துப் பணிமூப்புப் பட்டியல் போடும் பதவிகளில், சொந்த விருப்பத்தில் மாவட்டம் மாறினால் புது இடத்தில் பட்டியலின் கடைசிப் பெயராகப் போய் உட்கார வேண்டும். அஞ்சல் துறையில் விதி 38-ன் கீழ் சொந்த விருப்பத்தில் மாறுதல் கேட்பவர்களுக்கும் இதே கதைதான். பென்ஷனுக்கான சேவைக்காலம் எங்கும் போகாது. பதவி உயர்வுதான் தள்ளிப்போகும். பயணப்படியும் கிடையாது. இது தெரிந்து கையெழுத்துப் போட்டால் சரி. உங்களுக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர் மேலதிகாரியாக வந்து நிற்கிற நாளில் தெரிந்துகொள்வது கொடுமை.

"கணவன் மனைவி ஒரே ஊரில் இருப்பது எங்கள் உரிமை" என்று மனுவைத் தொடங்குவது அடுத்த தவறு. மத்திய அரசுப் பணியாளர்களுக்கு 30.9.2009 தேதியிட்ட வழிகாட்டுதல் இருக்கிறது. அதுவும் பணியிடம் இருந்தால் என்ற வரம்போடுதான் பேசுகிறது. மத்திய கலால், சுங்கத் துறையில் மண்டலம் விட்டு மண்டலம் மாறும் வசதியை 2018-ல் ஒரு சுற்றறிக்கை நிறுத்தியது. 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கை செல்லும் என்றது. கூடவே, தம்பதியரின் குடும்ப வாழ்வையும் கணக்கில் எடுத்துக் கொள்கையை மறுபரிசீலனை செய்யுங்கள் என்றும் சொன்னது. ஆக, கல்யாணம் கேட்பதற்கான காரணம். கொடுத்தே ஆக வேண்டும் என்பதற்கான காரணம் இல்லை. மனுவின் தொனியும் அப்படி இருக்கட்டும்.

ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ்., வனப்பணி அதிகாரிகளின் விஷயம் தனி. அங்கே ஒரு மாநில ஒதுக்கீட்டிலிருந்து (கேடர்) இன்னொன்றுக்கு மாற, 1954-ஆம் ஆண்டு ஐ.ஏ.எஸ். ஒதுக்கீட்டு விதிகளில் 5(2) பிரிவு இருக்கிறது. மற்ற இரண்டு பணிகளுக்கும் இதே ஏற்பாடு உண்டு. இரண்டு மாநில அரசுகளும் சம்மதிக்க வேண்டும். துணைவரும் இந்த மூன்று அகில இந்தியப் பணிகளில் ஒன்றில் இருக்க வேண்டும். தனியார் வேலையோ வங்கி வேலையோ இதற்கு உதவாது. பலர் கோட்டைவிடுவது, கல்யாணத்தைக் காட்டிச் சொந்த மாநிலத்துக்கு மாற முடியாது என்ற விதியில். குன்னூரில் பிறந்து ராஜஸ்தானுக்கு ஒதுக்கப்பட்ட பெண் அதிகாரி, தமிழ்நாட்டில் இருக்கும் அதிகாரியைக் கட்டிக்கொண்டால், கல்யாணத்தைக் காட்டி அவர் இங்கே வர முடியாது. மாப்பிள்ளை அங்கே போகலாம்.

காகிதங்களுக்கு வருவோம். கல்யாணப் பத்திரிகையையும் மாலையும் கழுத்துமாக நிற்கும் போட்டோவையும் இணைப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். பதிவுச் சான்றிதழ் வேண்டும். தமிழ்நாட்டின் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். விட்டால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். துணைவரின் அலுவலகத் தலைவரிடம் பணிச்சான்று வாங்கி இணையுங்கள். உங்கள் பணிப்பதிவேட்டில் துணைவர் பெயர் ஏறியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு மனு போடுவது வீண்.

மனுவில் "நீலகிரி மாவட்டத்தில் எங்காவது" என்று எழுதாதீர்கள். ஆறு தாலுகா இருக்கிறது. வீட்டுக்காரர் குன்னூரில் இருக்க, உங்களுக்குப் பந்தலூர் கிடைத்தால் கேட்டது கிடைத்த மாதிரியும் இருக்கும், கிடைக்காத மாதிரியும் இருக்கும். காலியிடம் இருக்கும் ஊர்களை விசாரித்து, இரண்டு மூன்று பெயரை வரிசைப்படுத்தி எழுதுங்கள். அப்புறம், கல்யாணக் காரணத்தோடு "குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, மாமியாருக்கு முட்டுவலி" என்றெல்லாம் சேர்த்தால் உள்ள காரணமும் நீர்த்துப்போகும்.

அரசியல்வாதியின் சிபாரிசுக் கடிதத்தை இணைப்பதை விட்டுவிடுங்கள். நடத்தை விதிகளுக்கே அது புறம்பு. மனு அலுவலகத் தலைவர் வழியாக உரிய முறையில்தான் போக வேண்டும்.

கடைசியாக, யார் நகர்வது என்ற கேள்வி. கோயம்புத்தூருக்கு இறங்கத்தான் எல்லோரும் வரிசையில் நிற்கிறார்கள். மலைக்கு ஏறி வர ஆள் குறைவு. அதனால் மேலே இருப்பவருக்கு மாறுதல் உத்தரவு வந்தாலும், பதிலாள் வரும்வரை விடுவிக்க மாட்டோம் என்று மாதக்கணக்கில் நிறுத்திவைப்பதைப் பார்த்திருக்கிறேன். கீழே இருப்பவர் மேலே வரக் கேட்டால் கோப்பு வேகமாக நகரும். இருவர் தங்களுக்குள் இடம் மாற்றிக்கொள்ளும் மனமொத்த மாறுதலுக்கு இங்கிருந்து இறங்கத் துடிக்கும் ஒருவரும் சுலபமாகக் கிடைப்பார். ஆனால் எங்கள் பக்கத்தில் பத்துத் தம்பதியில் ஒன்பது பேர், பெண்தான் இறங்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டுத்தான் மனு எழுதவே வருகிறார்கள்.