துபாயில் முதல் ரமலான்: குறைகிற 2 மணி நேரத்தை என்ன செய்வது?

ஊரிலிருந்து வந்து முதல் ரமலானை துபாயில் கழிக்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "நோன்புக் கஞ்சி கிடைக்குமா?" என்றுதான். கிடைக்கும், அதற்குப் பிறகு வருகிறேன். இங்கே புதிதாக வருகிறவரை பாதி மாதத்தில் சாய்ப்பது பெரும்பாலும் தூக்கக் குறைவுதான், அதனால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

அமீரகத் தொழிலாளர் சட்டப்படி, தனியார் நிறுவனங்களில் ரமலான் முழுக்க தினமும் 2 மணி நேரம் வேலை குறையும். நோன்பு வைக்கிறவர், வைக்காதவர் எல்லோருக்கும் இது உண்டு. சம்பளத்தில் கை வைக்கக் கூடாது. 8 மணி நேர டூட்டி 6 ஆகிவிடும், அதற்கு மேல் வேலை வாங்கினால் ஓவர்டைம். டிஐஎஃப்சி நிதி மண்டலத்துக்கு மட்டும் தனிச் சட்டம் இருப்பதால், அங்கே சேர்ந்திருந்தால் ஹெச்ஆரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். என் முதல் வருடத்தில், நான் இருந்த கம்பெனியில் இந்த 2 மணி நேரம் நோட்டீஸ் போர்டோடு நின்றுவிட்டது. கேட்கத் தெரியாமல் மாதம் முழுக்க பழைய நேரத்துக்கே உட்கார்ந்திருந்தேன். நீங்கள் பிறை தெரிவதற்கு ஒரு வாரம் முன்பே கேளுங்கள். பதிலை ஈமெயிலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அந்த 2 மணி நேரம் கிடைத்துவிட்டது. அது எங்கே போகிறது என்று பார்த்தால் பாதி மொபைலில், மீதி கடைத்தெருவில். ஒரு கணக்குச் சொல்கிறேன். 2026இல் போல பிப்ரவரி, மார்ச்சில் ரமலான் வந்தால் துபாயில் சுபுஹு (விடியற்காலைத் தொழுகை) 5:30க்கு முன்பின், மஃரிப் (சூரியன் மறைந்ததும் தொழுவது, நோன்பு திறக்கும் நேரம்) 6:15இலிருந்து 6:30க்குள். ஏறக்குறைய 13 மணி நேர நோன்பு. தராவீஹ் (ரமலான் இரவுத் தொழுகை) முடிந்து 9 மணிக்கு அறைக்கு வந்துவிடலாம். 10 மணிக்குள் படுத்தால் சஹருக்கு (நோன்புக்கு முன் சாப்பிடுவது) 4:30க்கு எழும்போது ஆறரை மணி நேரம் தூங்கியிருப்பீர்கள். சாயங்காலம் அஸர் (மாலைத் தொழுகை) தொழுதுவிட்டு முக்கால் மணி நேரம் கண்ணை மூடுங்கள். இந்த முக்கால் மணி நேரம்தான் இரவுத் தொழுகையில் கால்களை நிற்க வைக்கும். சஹர் வரை விழித்திருந்து, சாப்பிட்டுவிட்டுத் தூங்கலாம் என்று சொல்கிற ரூம்மேட் ஒருவர் எல்லா அறையிலும் இருப்பார். அவருக்கு மதியம்தான் டூட்டி என்பது பத்து நாள் கழித்துத்தான் நமக்கு உறைக்கும்.

பெட் ஸ்பேஸில் (பலர் பகிரும் அறையில் ஒரு கட்டில் மட்டும் வாடகைக்கு) இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல், ஒரே அடுப்பு. சஹர் நேரத்தில் வரிசையில் நிற்காமல் இரவே சமைத்து வையுங்கள். என் அனுபவத்தில் தயிர்சாதமும் வாழைப்பழமும் தாங்குகிற அளவுக்கு பிரியாணி தாங்காது. அது தாகத்தைத்தான் கூட்டும். டீ இல்லாமல் தலைவலி வருகிறவர்கள் ஒரு வாரம் முன்பே ஒவ்வொரு டம்ளராகக் குறைத்துக்கொண்டு வாருங்கள். நேர அட்டவணையில் 'இம்சாக்' என்று தனியாக ஒரு நேரம் இருக்கும். அது முன்னெச்சரிக்கைக்காகக் கொஞ்சம் முன்னால் வைத்திருப்பது. நோன்பு தொடங்குவது சுபுஹு நேரத்தில்தான். இம்சாக்கைப் பார்த்ததும் தண்ணீர் டம்ளரைப் போட்டுவிட்டு ஓட வேண்டாம்.

குடும்பத்தோடு இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மனைவியும் வேலைக்குப் போய், நோன்பும் வைத்து, இஃப்தாருக்கு (நோன்பு திறப்பதற்கு) சமோசாவும் வடையும் பொரிக்க வேண்டும் என்றால், அவருடைய தொழுகைக்கும் ஓய்வுக்கும் நேரம் எங்கே இருக்கிறது? வாரத்தில் நான்கு நாள் பேரீச்சம்பழம், பழம், கஞ்சியோடு முடித்துக்கொள்ளலாம்.

இனி கஞ்சி. பெரும்பாலான பள்ளிவாசல்களிலும் கூடாரங்களிலும் பேரீச்சம்பழம், தண்ணீர், லபன் (மோர்), சாப்பாடு எல்லாம் இலவசமாகக் கிடைக்கும். பச்சரிசி, வெந்தயம், தேங்காய்ப்பால் போட்ட நம் ஊர்க் கஞ்சி தேரா பக்கம் கிடைக்கும்; அங்கே இருக்கிற எந்த நம்மூர்க்காரரைக் கேட்டாலும் வழி காட்டுவார். மஃரிபுக்கு அரை மணி நேரம் முன்பே போய்விடுங்கள். மெட்ரோவில் போகிறவர்கள் பாங்கு நேரத்தைப் பார்த்து ஏறுங்கள், வண்டிக்குள் சாப்பிடவும் குடிக்கவும் தடை, 100 திர்ஹம் அபராதம். (புர்ஜ் கலீஃபாவில் 80ஆவது மாடிக்கு மேல் இருப்பவர்கள் 2 நிமிடமும், 150க்கு மேல் இருப்பவர்கள் 3 நிமிடமும் பிந்தித்தான் நோன்பு திறக்க வேண்டும், அங்கே சூரியன் அவ்வளவு தாமதமாக மறைகிறது. நமக்கு அந்தக் கவலை இல்லை.)

வணக்கத்தில் நீங்கள் திகைக்கப் போகிற இடம் இரண்டு. ஊரில் 20 ரக்அத் (தொழுகையின் ஒரு சுற்று) தராவீஹ் தொழுது பழகியிருப்பீர்கள். இங்கே பல பள்ளிவாசல்களில் 8, பிறகு வித்ரு (இரவின் முடிவுத் தொழுகை) 3. ஆளாளுக்கு வாதம் செய்யாமல் இமாமோடு தொழுங்கள். மிச்சம் வேண்டும் என்றால் அறையில் தொழலாம். அஸரைப் பிந்தித் தொழும் ஹனஃபி சட்டப் பிரிவு ஊர்க்காரர்களுக்கு இங்கே அஸர் பாங்கும் சீக்கிரம் கேட்கிற மாதிரி இருக்கும், அதையும் சேர்த்துத்தான் அந்தச் சாயங்காலத் தூக்கத்தைத் திட்டமிட வேண்டும். குர்ஆன் முழுக்க ஓதி முடிக்க ஆசைப்படுகிறவர்கள் ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் 4 பக்கம் ஓதினால், மதீனா அச்சுப் பிரதியில் ஒரு நாளைக்கு ஒரு ஜுஸ்உ (குர்ஆனின் 30 பாகங்களில் ஒன்று) ஆகிவிடும். ரமலானின் கடைசிப் பத்து நாளில் நள்ளிரவுத் தொழுகையும் சேரும். விடுப்பு கையில் இருந்தால் பெருநாளோடு ஒட்டாமல் இந்தப் பத்து நாளில் இரண்டு, மூன்று எடுங்கள் என்பேன். எல்லா இரவும் நின்றே தீருவேன் என்று காலை 6 மணி டூட்டிக்காரர் அடம் பிடித்தால், 23ஆம் இரவிலேயே படுத்துவிடுவார்.

சைட்டில் வேலை செய்கிறவர்கள் கனமான வேலையைக் காலையில் வைக்கச் சொல்லி சூப்பர்வைசரிடம் கேளுங்கள். உயரத்தில் நிற்கும்போது தலை சுற்றினால் இறங்கி, தண்ணீர் குடித்து, நோன்பைப் பிறகு களா செய்யுங்கள் (வேறொரு நாள் ஈடாக வையுங்கள்). நோயாளிக்கும் பயணிக்கும் அந்தச் சலுகையைக் குர்ஆனே (2:185) கொடுத்திருக்கிறது. சர்க்கரை நோயாளிகள் மாத்திரை நேரத்தை முன்பே டாக்டரிடம் மாற்றிக்கொள்ளுங்கள்; சர்க்கரை 70க்குக் கீழே போனால் மஃரிபுக்கு 10 நிமிடம் இருந்தாலும் நோன்பை விட வேண்டும்.

நோன்பின் நடுவில் விமானம் ஏறி வந்தவர்களுக்கு இன்னொன்று. இங்கே பிறை பெரும்பாலும் ஊருக்கு ஒரு நாள் முந்தி வரும். ஊரில் தொடங்கிய நோன்பை இங்கே முடிக்கும்போது கணக்கு 28இல் நின்றால் (மாதம் 29க்குக் குறையாது), இங்குள்ளவர்களோடு பெருநாளைக் கொண்டாடிவிட்டு, பிறகு ஒரு நோன்பைப் பிடித்துவிடுங்கள்.