வெள்ளையர் யார், 'பிரவுன்' யார்: பதினோராம் வகுப்பில் இதைப் பேசும் முறை

மதுரைக்கு மேற்கே, உசிலம்பட்டி சாலையில் உள்ள ஒரு மேல்நிலைப் பள்ளியில் நான் வரலாறு கற்பிக்கிறேன். மேற்படிப்புக்காக இங்கிருந்து அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் செல்லும் பிள்ளைகள், தங்களை 'பிரவுன்' என்று பிறர் வகைப்படுத்துவதை அங்கே இறங்கிய பிறகே அறிகிறார்கள். அந்தப் பெயர் எப்படி ஒட்டுகிறது, அதை ஒட்டுபவர் யார் என்பதை அவர்கள் புறப்படும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணத்தில் சில ஆண்டுகளாக இந்தப் பாடத்தை நடத்தி வருகிறேன். நடத்த விரும்பும் பிற ஆசிரியர்களுக்காக என் முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் நம் சொற்களிலிருந்து தொடங்குங்கள். மனிதரின் நிறத்தைச் சொல்ல வீட்டிலும் தெருவிலும் கேட்ட சொற்களையெல்லாம் கரும்பலகையில் எழுதச் சொல்லுங்கள். கறுப்பு, அட்டக்கறுப்பு, மாநிறம், புதுநிறம், சிவப்பு என்று அவை வரிசையாக வரும். நம்மவர் ஒருவரைக் குறித்து 'வெள்ளை' என்ற சொல் அநேகமாக வராது. பெண் பார்க்கப் போன வீட்டில் "நல்ல செவப்பு" என்று பாராட்டப்படும் பெண்ணை லண்டனில் எவரும் வெள்ளையர் என்று எண்ணமாட்டார்கள். வெயிலில் வெந்து மாநிறமாகிவிட்ட இத்தாலியரோ நமக்கும் வெள்ளைக்காரர்தான். 'பழுப்பு' என்பதை நாம் பழைய தாளுக்கும் உதிரப்போகும் இலைக்கும் வைத்திருக்கிறோம், மனிதருக்கு வைத்ததில்லை. நம் சொற்கள் தோலைப் பார்த்துத் தரம் பிரிப்பவை என்பதையும், 'வெள்ளைக்காரர்' என்ற சொல் மட்டும் தோலைவிட ஆட்சியையும் பிறப்பையும் குறிப்பது என்பதையும் மாணவர்களே கண்டு சொல்லும்வரை காத்திருங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. முதல் ஆண்டில் நான் விளக்கத்துக்காக ஐந்து மாணவர்களை நிற வரிசையில் நிற்கச் சொன்னேன். கடைசியில் நின்ற பெண் அதன்பின் இரண்டு நாள் வகுப்பில் வாய் திறக்கவில்லை. பிள்ளைகளின் உடலை எடுத்துக்காட்டாக்காதீர்கள். எடுத்துக்காட்டுக்கு நீதிமன்ற வழக்குகளே ஏராளமாக இருக்கின்றன.

அவற்றுள் இரண்டு வழக்குகளுக்கு ஒரு முழுப் பாடவேளையைக் கொடுங்கள். 1790-இல் அமெரிக்கா இயற்றிய சட்டம், வெளிநாட்டில் பிறந்தவருள் 'சுதந்திரமான வெள்ளையர்' மட்டுமே குடியுரிமை பெறலாம் என்றது. 1870-இல் ஆப்பிரிக்க வழியினரும் சேர்க்கப்பட்டார்கள். ஆனால் வெள்ளையர் யார் என்பதைச் சட்டம் எங்கும் விளக்கவில்லை. இருபது ஆண்டுகள் அங்கே வாழ்ந்து, வீட்டிலும் ஆங்கிலமே பேசிய ஜப்பானியரான தக்காவோ ஒசாவா, தமது தோல் பல வெள்ளையரின் தோலைவிட வெளுத்தது என்று வாதிட்டார். 1922 நவம்பரில் உச்ச நீதிமன்றம், ஆங்கிலேய வழியினருக்குள்ளேயே நிறம் வெகுவாக வேறுபடுவதால் தோலை அளவுகோலாக்க முடியாது என்றும், வெள்ளையர் என்றால் 'காக்கேசிய' இனத்தவர் (ஐரோப்பியரை உள்ளடக்கி அக்கால அறிஞர்கள் வகுத்த இனம்) என்றும் தீர்ப்பளித்து அவருக்குக் குடியுரிமையை மறுத்தது.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, அடுத்து வந்தவர் பஞ்சாபில் பிறந்த சீக்கியர் பகத்சிங் திந்த் என்றும், முதல் உலகப் போரின்போது அமெரிக்கப் படையில் பணியாற்றியவர் என்றும், மனிதரை இனங்களாகப் பிரித்த அக்கால இனநூல்கள் வட இந்தியரைக் காக்கேசியராகவே வகைப்படுத்தியிருந்தன என்றும் மட்டும் சொல்லுங்கள். தீர்ப்பு என்னவாக இருந்திருக்கும் என்று ஒவ்வொருவரும் நோட்டில் எழுதட்டும். பெரும்பாலோர் அவர் வென்றார் என்றே எழுதுவார்கள். மூன்றே மாதங்கள் கழித்து, 1923 பிப்ரவரியில், முந்தைய தீர்ப்பை எழுதிய அதே நீதிபதி ஜார்ஜ் சதர்லாந்து, அறிவியல் என்ன சொன்னாலும் சாமானிய மனிதர் யாரை வெள்ளையர் என்று எண்ணுகிறாரோ அவரே வெள்ளையர் என்று எழுதினார். ஒருவரை விலக்கத் தோலை ஒதுக்கி இனநூலைப் பிடித்த கை, அடுத்தவரை விலக்க அந்த இனநூலையும் ஒதுக்கியது. அதன்பின் ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் பலர் அதை இழந்தார்கள்; இந்தியர்களுக்கு அந்தக் கதவு 1946-இல்தான் திறந்தது.

திந்தின் வாதத்தில் இன்னொன்றும் உண்டு, அதை மறைக்காதீர்கள். சீக்கியரான அவர் அந்த வழக்கில் 'உயர்சாதி இந்து' என்றே குறிப்பிடப்பட்டார். சாதிக்குள்ளேயே மணம் செய்து கலப்பின்றி வந்தவர்கள் என்பதே அவர் தரப்பின் பெருமையாக முன்வைக்கப்பட்டது. சுவர் தவறு என்று அங்கே வாதிடப்படவில்லை. தம்மைச் சுவருக்கு உள்ளே சேர்க்க வேண்டும் என்றே கேட்கப்பட்டது.

இவ்வளவும் ஆன பிறகு மூன்று கேள்விகளைக் கொடுங்கள். வகைப்படுத்துபவர் யார்? எதற்காக வகைப்படுத்துகிறார்? அந்தப் பெயரால் எது கிடைக்கிறது, எது மறுக்கப்படுகிறது? இனி வரும் ஒவ்வொரு செய்தியையும் மாணவர்கள் இவற்றைக் கொண்டே சோதிக்கட்டும். அமெரிக்கக் கணக்கெடுப்பில் 1920 முதல் 1940 வரை எந்த மதத்தவரானாலும் இந்தியர் 'இந்து' என்ற இனத்தில் பதியப்பட்டார்கள், 1970-இல் வெள்ளையராக எண்ணப்பட்டார்கள், 1980-இல் 'ஆசிய இந்தியர்' ஆனார்கள். மெக்சிகோ வழியினர் 1930-இல் தனி இனமாகி, 1940-இல் மீண்டும் வெள்ளையரானார்கள். ஒரு குடும்பம் வீட்டைவிட்டு நகராமலே வெவ்வேறு பெட்டிகளுக்குள் மாறி மாறி விழுந்திருக்க முடியும்.

தென்னாப்பிரிக்காவுக்கு வரும்போது வகுப்பறையைவிட்டு வெளியேறுங்கள். தமுக்கத்தை அடுத்துள்ள காந்தி அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்று, 1893-இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் நடந்ததை அங்கே சொல்லுங்கள். முதல் வகுப்புச் சீட்டு வைத்திருந்த அந்த வழக்கறிஞர் அந்நாட்டு வெள்ளையருக்கு 'கூலி' பாரிஸ்டர்தான். நாம் உழைப்புக்குப் பெறும் பணத்தைச் சொல்லும் அதே ஒலி அங்கே மனிதருக்கு இட்ட பெயராகியிருந்தது. 1950-இல் அங்கே வந்த மக்கள் பதிவுச் சட்டம், பார்வைக்கு வெள்ளையராகத் தெரிபவரும் வெள்ளையராகப் பொதுவாக ஏற்கப்படுபவருமே வெள்ளையர் என்று சுற்றி வளைத்தது. ஐயமிருந்தால் தலைமுடியில் பென்சிலைச் செருகி, அது நழுவி விழுகிறதா என்று பார்த்தார்கள். அந்தப் பதிவுச் சட்டம் 1991-வரை இருந்தது. மாணவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கக்கூடும். அந்தப் பென்சிலால் உடன்பிறந்தவர்கள்கூடப் பிரிக்கப்பட முடிந்தது என்று சொன்னால் சிரிப்பு அடங்கிவிடும்.

நம் ரயில்வே காலனியில் வாழ்ந்த ஆங்கிலோ-இந்தியரைப் பெரியவர்கள் 'சட்டைக்காரர்' என்று அழைத்ததையும் நினைவூட்டுங்கள். ஊர் உடையைப் பார்த்தது. அரசியலமைப்பின் 366-ஆம் பிரிவோ தந்தைவழி ஐரோப்பிய மூதாதையரைப் பார்த்தது. தாய்வழியை அது கணக்கில் எடுக்கவில்லை என்பதை மாணவிகள்தான் முதலில் கவனிக்கிறார்கள்.

"சார், நம்ம ஊர்ச் சாதியும் இப்படித்தானே?" என்று யாராவது கேட்பார்கள், கேட்காத ஆண்டே இல்லை. நழுவாதீர்கள். அதே சமயம் எந்தப் பிள்ளையையும் தன் சாதியைச் சொல்லும் நிலைக்குத் தள்ளாதீர்கள். பெஞ்சுகள் எப்படி நிரம்பியிருக்கின்றன என்பதை நீங்கள் முன்பே கவனித்திருக்க வேண்டும். சாதி தோலில் தெரிவதில்லை, சிவந்த நிறம் ஒடுக்கப்பட்டவருக்கு இடம் வாங்கித் தந்ததும் இல்லை என்பதை வேறுபாடாகச் சொல்லுங்கள். பின்னர், தெரியாத எல்லையைத் தெரியவைக்கத்தான் நம் பள்ளிகளில் மணிக்கட்டில் வண்ணக் கயிறு ஏறியது என்பதையும், அதைத் தடை செய்யுமாறு நீதிபதி சந்துரு குழு 2024-இல் பரிந்துரைத்ததையும் சொல்லி, அதே மூன்று கேள்விகளை அந்தக் கயிற்றிடம் கேட்கச் சொல்லுங்கள். விடைகளைப் பெயர் எழுதாத தாளில் வாங்குங்கள், வகுப்பில் உரக்கப் படிக்காதீர்கள். வீட்டுக்கு எடுத்துச் சென்று, ஒவ்வொன்றையும் நிதானமாகப் படியுங்கள்.